அரை கிராம் குமரவேல்

பாகூர்ப் பக்கத்துச் செலியமேட்டில் குமரவேல் என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். டிராக்டர் வைத்திருந்தவர் டிராக்டர் குமரவேல். மதகுக்குப் பக்கத்தில் வீடு கட்டியவர் மதகுக் குமரவேல். மூன்றாமவரை ஊர் அரை கிராம் குமரவேல் என்று அழைத்தது. இந்தப் பட்டப்பெயரை அவருடைய மனைவி மகாலட்சுமியின் காதில் விழாமல் பார்த்துக்கொள்ள யாரும் சிரமப்படவில்லை. அவளும் அதற்காக யாரிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை. பெயர் பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு கிராம் என்று வைத்திருந்தால்தான் அதிகம் என்பது அவள் எண்ணம்.

குமரவேல் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், வேறு வீட்டு வாசலை எட்டிப் பார்க்க மாட்டார். அவள் எப்போது வாயைத் திறந்தாலும் உறவுக்காரர்கள் இந்த மூன்றையும் சொல்லியே அடைத்தார்கள். செய்யாததை எல்லாம் சேர்த்து ஒரு மனுசனுக்கு நல்லவன் என்று பட்டம் கட்ட முடியுமானால் வைக்கோல்போரும் நல்லதுதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அவருடைய அப்பா விட்டுப்போன இரண்டு காணி நிலம். நாற்று விடுவது, நடவுக்கு ஆள் கூப்பிடுவது, உரக்கடையில் நின்று மூட்டை ஏற்றுவது எல்லாம் மகாலட்சுமி. வெள்ளை வேட்டியோடு வரப்பில் நின்று, சேறு படாத தூரத்திலிருந்து, "இந்தப் பக்கம் நெருக்கி நடச் சொல்லு" என்று ஆணையிடுவது அவர். நடவு செய்யும் பெண்கள் குனிந்தபடியே சிரிப்பார்கள். அது சிரிப்பென்று அவருக்கு மட்டும் தெரியாது.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். யாராவது அவரை ஐயா என்று கூப்பிட வேண்டும். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஒருமுறை நின்றார். சொந்தத் தெருவே அவருக்கு ஓட்டுப் போடவில்லை. அதற்குப் பிறகு அந்த ஆசை உள்ளுக்குள்ளேயே கிடந்து புளித்துக்கொண்டிருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் நாலு வழிச் சாலைக்காக நிலத்தின் ஓரத்தில் ஒரு துண்டு போயிற்று. இழப்பீடு வங்கிக் கணக்கில் வந்து விழுந்தது. மகாலட்சுமிக்கு அந்தப் பணத்தை என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. அவர்களுடைய நிலத்து ஆழ்துளைப் போர் பழையது. கோடையில் தண்ணீர் வாயில் வைத்தால் கரித்தது. கடல் உள்ளே வருகிறது, ஆழமாக இறக்கினால்தான் நல்ல தண்ணீர் என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் எல்லாம் புதுப் போர் போட்டுக்கொண்டிருந்தார்கள். குமரவேலோ செல்போனில் வீடியோ பார்க்கத் தொடங்கியிருந்தார். பணத்தைச் சும்மா வைத்திருப்பவன் முட்டாள், தங்கத்தில் போடுபவன் புத்திசாலி என்று கோட்டுப் போட்ட யாரோ ஒருவன் தினமும் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வில்லியனூரில் மணிபாரதி என்பவனின் நகைக்கடை இருந்தது. உறவில் ஒரு காதுகுத்துக்கு மோதிரம் வாங்கத்தான் குமரவேல் முதலில் அங்கே போனார். மணிபாரதிக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். வாசல்வரை வந்து, "வாங்க ஐயா, பாகூர்ப் பக்கமா? முகத்தைப் பார்த்தாலே பெரிய விவசாயின்னு தெரியுது" என்று கைகூப்பினான். ஏசிக் காற்று படும் நாற்காலியில் உட்காரவைத்தான். பித்தளை டபராவில் காப்பி வந்தது. மோதிரம் வேண்டாம் ஐயா, அதில் செய்கூலி, சேதாரம் என்று உங்கள் காசு வீணாகும், உங்களைப் போல விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் இப்போது காசுதான் வாங்குகிறார்கள் என்றான். அட்டையில் பொதிந்த ஒரு சின்னத் தங்கக் காசை வெல்வெட் தட்டில் வைத்துக் காட்டினான். அன்றைக்கு அந்த மனுசன் விழுந்தவர்தான்.

அடுத்த அட்சய திருதியைக்கு மகாலட்சுமியையும் கூட்டிக்கொண்டு போனார். தனக்கு அங்கே இருக்கும் மரியாதையை அவள் பார்க்க வேண்டுமென்பது அவர் விருப்பம். அவள் பார்த்தாள். கூட்டத்தில் நின்றவர்களை விலக்கி இவருக்கு நாற்காலி போட்டதைப் பார்த்தாள். காப்பியை உறிஞ்சும்போது இவர் கால்மேல் கால் போட்டுக்கொண்டதைப் பார்த்தாள். சுவரில் கிராம் விலை எழுதியிருந்த பலகையையும் பார்த்தாள். அரை கிராம் அட்டைக் காசின் விலையைக் கேட்டபோது, அது பலகை விலையில் சரிபாதியாக இல்லை. நன்றாகவே கூட வந்தது.

"செய்கூலி இல்லன்னீங்களே, அப்புறம் இது இன்னா?" என்று கேட்டாள்.

மணிபாரதி சிரித்துக்கொண்டே விளக்கினான். செய்கூலி இல்லைதான், இது காசு அடிக்கிற கூலி, அட்டை, முத்திரை, வரி. அரை கிராம் அடிக்கவும் ஒரே வேலை, எட்டு கிராம் அடிக்கவும் ஒரே வேலை. அதனால் சின்னக் காசில் அது கொஞ்சம் கூடத் தெரியும், பெரிய காசில் தெரியாது என்றான். அவன் பொய் சொல்லவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவான். கேட்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் நாற்காலி போடுகிறான்.

உரக்கடையில் மூட்டையாக எடுத்தால் ஒரு விலை, அவிழ்த்துக் கிலோவாக வாங்கினால் வேறு விலை என்பது மகாலட்சுமிக்குப் புதிதல்ல. "அப்படின்னா எட்டு கிராம் காசா ஒண்ணு வாங்கிடுங்க. எடை அதே எடைதானே" என்று கணவரிடம் சொன்னாள்.

குமரவேல் அவளைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "ஒரு அவசரம்னா எட்டு கிராம் காசை ஒடைச்சா விக்க முடியும்? சில்லறையா இருந்தா ஒண்ணொண்ணா எடுத்து விக்கலாம். உனக்குப் புரியாது மகா" என்றார். பிறகு மணிபாரதியிடம் திரும்பி, "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் எட்டாது தம்பி" என்றார். மணிபாரதி பணிவாகத் தலையாட்டினான். எட்டு கிராம் தங்கம் பதினாறு அட்டைகளில் வந்தது. பதினாறு அட்டைக்கும் தனித்தனியாகக் கூலி.

அதிலிருந்து மாதம் தவறாமல் வில்லியனூருக்குப் பஸ் ஏறினார். அட்டைகளைச் செருகி வைக்கக் கல்யாண ஆல்பம் போல ஒரு புத்தகத்தை மணிபாரதி இனாமாகக் கொடுத்திருந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் அது வெளியே வரும். கரண்டு கணக்கெடுக்க வந்தவர்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். வந்தவர்கள் கையில் எடுத்துத் தடவிப் பார்க்கட்டும் என்று சில அட்டைகளின் கண்ணாடித் தாளைக் குமரவேலே நகத்தால் கிழித்து வைத்திருந்தார். கல்யாணங்களில் மொய்க்குப் பதிலாக அரை கிராம் காசை நீட்டுவார். மைக்கில் சொல்பவனிடம் குனிந்து, தங்கம் என்று அழுத்திச் சொல்லும்படி கேட்டுக்கொள்வார். பெண் வீட்டார் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, காசு எந்த மூலையில் இருக்கிறது என்று தேடுவார்கள். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பட்டப்பெயர் ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில்தான் பிறந்தது.

இதையெல்லாம் மகாலட்சுமி பொறுத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. மதிக்கவில்லை, அவ்வளவுதான். ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஆண் ஏதோ ஒன்றுக்கு அடிமையாக இருந்தான். இவர் ஒரு டபரா காப்பிக்கு அடிமை.

ஐப்பசியில் அவளுடைய அக்காவுக்கு வயிற்றில் ஆபரேசன். புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள் வேண்டும் என்று மகாலட்சுமி போனாள். வார்டு தரையில் பாயை விரித்துக் கிடந்து, அக்காவை எழுப்பி நடக்கவைத்து, வீடு கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத் திரும்பினாள். வாசலிலேயே குமரவேல் காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. ஆல்பத்தை விரித்து அவள் முன்னால் நீட்டினார். புதிதாகப் பக்கம் பக்கமாக அட்டைகள்.

"ஏது இவ்ளோ?" என்றாள்.

"பீரோவுல உன் சங்கிலி தூங்கிக்கினு இருந்துது இல்ல, அதை எழுப்பிட்டேன்" என்றார்.

அது இரட்டை வடச் சங்கிலி. ஐந்து பவுன். அவளுடைய அம்மா மணியம்மாள் மல்லாட்டைக் கடலை விற்ற காசை வருசா வருசம் சேர்த்து, கல்யாணத்துக்குப் போட்டு அனுப்பியது. வயது ஏறியபின் தாலிச் சரடு போதும் என்று மகாலட்சுமி அதைக் கழற்றி மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தாள். விற்கக் கூடாது என்று அவள் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. சொல்ல வேண்டிய விசயம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். பதில்கள் தயாராக வைத்திருந்தார். பழைய நகையில் பற்றவைத்த பொடி இருக்கிறது, அழுக்கு இருக்கிறது, மாற்றுக் குறைவு, இதுவோ சுத்தத் தங்கம் என்று மணிபாரதி சொன்னதை அப்படியே ஒப்பித்தார். ஐந்து பவுனுக்கு எத்தனை அரை கிராம் வந்தது என்று மட்டும் அவள் கேட்டாள். அவர் பெருமையாகச் சொன்னார். மகாலட்சுமி மனதுக்குள் எடையைக் கூட்டிப் பார்த்தாள். போகும்போது பழசு என்று கழித்திருக்கிறான். வரும்போது அட்டைக்கு அட்டை கூலி ஏற்றியிருக்கிறான். ஒரே நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் இந்த மனுசன், காப்பியும் குடித்துவிட்டு.

அவள் கத்தவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். திருடியிருந்தால்கூட அவளுக்கு ஒரு கோபம் வந்திருக்கும். சாமர்த்தியம் என்று நினைத்துச் செய்தவரை என்ன சொல்லித் திட்டுவது?

மாசியில் போர் கைவிட்டது. தண்ணீர் குறைந்து, வந்த தண்ணீரும் உப்பாக வந்தது. நட்டு வேர் பிடித்த பயிரின் நுனி கருகத் தொடங்கியது. பாகூரிலிருந்து போர் வண்டிக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும், ஆனால் பாதிப் பணத்தை முன்னால் வைத்தால்தான் வண்டி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். இழப்பீட்டுக் கணக்கில் துடைத்தெடுத்தாலும் ஒன்றும் இல்லை. எல்லாம் அட்டைக்குள் இருந்தது.

"இதுக்குத்தானே சில்லறையா வாங்கினேன்" என்றார் குமரவேல். அவருக்கு உற்சாகமாகவே இருந்தது. தன் புத்திசாலித்தனம் பலிக்கும் நாள் வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் தங்கம் விலையும் ஏறியிருந்தது. ஆல்பத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினார். மகாலட்சுமி தானும் வருகிறேன் என்று புடவையை மாற்றிக்கொண்டாள்.

மணிபாரதி வாசலுக்கு வரவில்லை. விற்க வந்திருக்கிறோம் என்று சொன்னதும், கடைசியில் இருந்த சின்னக் கவுண்டரைக் கைகாட்டினான். அங்கே ஏசி எட்டவில்லை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. குமரவேல் உட்காருவதா, மனைவியை உட்காரச் சொல்லுவதா என்று தடுமாறியதில், இருவருமே நின்றார்கள். வெகுநேரம் கழித்து மணிபாரதி வந்தான். அட்டைகளைச் சீட்டுக்கட்டைப் போலப் பிரித்துப் போட்டான். தாள் கிழிந்தவற்றை ஒரு பக்கம் தள்ளினான்.

நகையாக மாற்றிக்கொண்டால் முழு விலை, பணமாக வேண்டுமென்றால் கழிவு உண்டு என்றான். பிரித்த அட்டைக்கு உருக்கிப் பார்க்க வேண்டும், அதற்குத் தனிக் கழிவு. விலை, இன்றைய விலை இல்லை, கடை வாங்கும் விலை. அவன் கால்குலேட்டரில் தட்டிக் காட்டிய தொகையைக் குமரவேல் குனிந்து மறுபடியும் படித்தார். தங்கம் ஏறியிருந்தும் இவர் போட்ட பணம்கூட அதில் இல்லை.

மகாலட்சுமி கேட்டாள். "வாங்கும்போது கிராம் விலைக்கு மேல ஒவ்வொரு அட்டைக்கும் வாங்கினீங்களே, அது எங்க?"

"அது கூலிம்மா, திரும்ப வராது" என்றான் மணிபாரதி. "கல்யாணம் முடிஞ்சப்புறம் பத்திரிகை அடிச்ச காசைத் திருப்பிக் கேப்பீங்களா?"

குமரவேல் சிரித்தார்.

அது பயத்தில் வந்த சிரிப்பில்லை. நல்ல நகைச்சுவையைக் கேட்ட சிரிப்பு. சிரித்துவிட்டு மனைவியின் பக்கம் திரும்பி, "தம்பி சொல்றது சரிதான் மகா, கடைன்னா அவங்களுக்கும் செலவு இருக்குதில்ல. கரண்டு, வாடகை, ஆளு" என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். கொள்ளை போனது அவருடைய பணம். கொண்டுபோனவனின் வாடகைக்கு இவர் கவலைப்பட்டார். இன்னும் ஒரே ஒரு தடவை அவன் வாயிலிருந்து ஐயா என்று வராதா என்று அந்த முகம் ஏங்கிக்கொண்டிருந்தது. அவனோ இவர் பக்கம் திரும்பாமல் வாசலில் யாரோ புதிதாக வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முப்பது வருசமாக மகாலட்சுமி இவரை முட்டாள் என்று நினைத்திருந்தாள். அந்தக் கவுண்டரில் நின்றபோது அது எவ்வளவு மரியாதையான வார்த்தை என்று அவளுக்குத் தோன்றியது. முட்டாளுக்கு அடி பட்டால் வலிக்கும். இவர் அடித்தவன் கையைத் தடவிக் கொடுக்கிறார்.

அட்டைகளை ஒன்றுவிடாமல் வாரித் தன் ஒயர் கூடைக்குள் போட்டாள். "கெளம்புங்க" என்றாள். மணிபாரதி, வேறு எங்கே போனாலும் இதே கதைதான் அம்மா என்றான். அவனோடு பேச அவளுக்கு ஒன்றும் இல்லை. வியாபாரி அவன் வேலையைச் செய்தான். அவனைப் பொருட்டாகக்கூட அவள் நினைக்கவில்லை.

வில்லியனூரிலிருந்து நேராகப் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு அடுத்த கட்டிலில் கிடந்த பெண்ணின் மகன் நகை உருக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறான் என்று அவள் கேட்டு வைத்திருந்தாள். விசாரித்துக்கொண்டு போனார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. புகை படிந்த சின்ன அறை. அங்கே யாரும் கைகூப்பவில்லை. பட்டறைக்காரர் தரையில் உட்கார்ந்து, அட்டைகளை ஒவ்வொன்றாகக் கிழித்துக் காசை உதறி எடுத்து, அட்டையைக் குப்பைக் கூடையில் எறிந்தார். முத்திரை, பூ வேலை, தாமரையில் நிற்கும் லட்சுமி எல்லாம் உருக்கும் மண்கிண்ணமான மூசைக்குள் விழுந்து உருகின. ஆறியபின் தட்டி எடுத்துக் காட்டியது ஒரு கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. கூடையில் கிடந்த அட்டைக் குவியல் அதைவிடப் பல மடங்கு பெரிது.

எடை போட்டு, மாற்றுப் பார்த்து, தன் கூலியை முன்னாலேயே சொல்லி, அன்றைய விலைக்குக் கொஞ்சம் குறைத்துக் கணக்குச் சொன்னார். அட்டைக்குக் கொடுத்தது போனது போனதுதான். அவள் போட்ட கணக்கில், ஐந்து பவுன் சங்கிலி மூன்றே முக்கால் பவுனாகச் சுருங்கியிருந்தது. ஆனாலும் மணிபாரதி காட்டிய தொகையைவிட இது மேல். மகாலட்சுமி பணத்தை வாங்கி எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அப்போது குமரவேல் பட்டறைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார். "அந்த அட்டையெல்லாம் எடுத்துக்கலாங்களா?"

"இன்னாத்துக்குங்க?" என்றார் அவர்.

குமரவேல் குனிந்து, கூடையிலிருந்து அதிகம் கிழியாத அட்டைகளாகப் பார்த்துப் பொறுக்கித் துண்டில் கட்டிக்கொண்டார். மகாலட்சுமி அதைப் பார்க்காதது போலச் சந்துக்குள் நடந்தாள். அவர் பின்னால் ஓடிவந்தார்.

போர் வண்டி வந்தது. ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி இரைந்து, முதலில் களிமண், பிறகு மணல், அதற்கும் கீழே தண்ணீர். மகாலட்சுமி கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். இளநீர் என்று சொல்ல முடியாது. பயிருக்கு ஆகும். புது மோட்டாருக்குப் பணம் எட்டவில்லை. பழைய மோட்டாருக்கே புதுக் கம்பி சுற்றி, அதை இறக்கினாள். கருகிய பயிரில் பாதி தேறியது. நெல்லைக் கொள்முதலுக்குப் போட்ட பணம் தன் வங்கிக் கணக்கில் விழும்படி எழுதிக் கொடுத்தாள். குமரவேல் கையெழுத்துப் போட்டார். வில்லியனூருக்குப் பஸ் செலவுக்கும் வெற்றிலைக்கும் வாரத்துக்கு ஒருமுறை அவளிடம் வாங்கிக்கொள்கிறார். அவளும் குறைக்காமல் கொடுக்கிறாள். சோறு போடுகிறாள், வேட்டியை வெளுத்து வைக்கிறாள், காய்ச்சல் வந்தால் கஞ்சி வைக்கிறாள். எதைப் பற்றியும் அவரிடம் கேட்பதில்லை. அவர் சொல்லும்போது மறுப்பதும் இல்லை. வீட்டில் சண்டையே இல்லை என்று உறவுக்காரர்கள் மெச்சுகிறார்கள்.

போன பங்குனியில் நிலத்துக்கு ஒருவர் வந்தார். பாகூர் பக்கம், பெயர் பலராமன். அவருக்கும் சாலைக்கு நிலம் போய் இழப்பீடு வந்திருந்தது. என்ன செய்யலாம் என்று நாலு பேரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். வரப்பில் நின்ற வெள்ளை வேட்டியைப் பார்த்து இவர்தான் முதலாளி என்று நினைத்துவிட்டார். "ஐயா" என்று கூப்பிட்டார்.

குமரவேலின் முதுகு நிமிர்ந்தது. "தங்கத்துல போடுங்க" என்றார். "நான் அப்படித்தான் போட்டேன். அந்தத் தங்கம்தான் இந்தப் போரு. பாருங்க, தண்ணி எப்படிக் கொட்டுது. சின்னச் சின்னக் காசா வாங்குங்க, அதான் சூட்சுமம். வில்லியனூர்ல நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், என் பேரைச் சொல்லுங்க."

பலராமன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தார். மகாலட்சுமி கீழே வாய்க்காலில் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"பெருசு, தங்கம்தான் வாங்கறதுன்னா ஒண்ணே ஒண்ணா, பெருசா வாங்கு. போற வழியில எங்கியாவது காப்பி குடுத்தாங்கன்னா குடிச்சிட்டு எழுந்து வந்துடு."

பலராமன் அவளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். எதுவோ புரிந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். குமரவேல் வரப்பிலேயே நின்றார். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார்போல. ஒரு திட்டு, ஒரு குத்தல், ஏதோ ஒன்று.

"வெயில் ஏறுது" என்றார் கடைசியில். "நான் வூட்டுக்குப் போறேன்."

மகாலட்சுமி மண்வெட்டியால் மடையை அடைத்து, தண்ணீரை அடுத்த பாத்திக்குத் திருப்பினாள்.